மெஷின் இழுத்தும் மூச்சு வாங்குதே, நிறுத்திடலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க கடலூர் தேவனாம்பட்டினம். மாமனாருக்கு 67 வயசு, கடலுக்குப் போனவரு, ரொம்ப வருஷம் பீடி, இப்ப விட்டுட்டாரு. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் வியாதின்னு சொல்லி கேப்ஸ்யூல் போட்டு இழுக்குற மெஷின் குடுத்திருக்காங்க. ஒரு மாசமா இழுக்குறாரு, ஆனா தெருமுனை போய் வந்தாலே இளைக்குது. 'பவுடர் தொண்டையிலயே நிக்குது, மருந்து சரியில்ல'ங்கறாரு. பழகிட்டா விடவே முடியாதுன்னு பக்கத்து வீட்டு அத்தை வேற சொல்றாங்க. நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. தொண்டையிலயே நிக்குதுன்னு அவரே சொல்லிட்டாரு பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. அந்த மெஷின்ல கேஸ் கிடையாது, பவுடரை உள்ள கொண்டுபோறது அவரு இழுக்குற மூச்சு மட்டும்தான், அதனால முதல்ல மெஷினை தள்ளி வச்சுட்டு மூச்சை நல்லா வெளிய விட்டு, அப்புறம் வாயில வச்சு வேகமா, அழுத்தமா, ஒரே இழுப்பா இழுத்து 10 செகண்ட் அடக்கணும். பீடி இழுக்குற மாதிரி மெதுவா இழுத்தா தொண்டையோட சரி. மெஷினுக்குள்ளயே ஊதிட்டாலும் ஈரம் பட்டு பவுடர் கட்டிக்கும். உங்க ஊரு கடல்காத்துக்கு கேப்ஸ்யூலை வெளிய எடுத்து வைக்கவே கூடாது, இழுக்கும்போது மட்டும் வெளிய எடுங்க. அதை விழுங்கிடறவங்களையும் நான் பாத்திருக்கேன், அதையும் கவனிச்சுக்குங்க.

இப்படி இழுக்க அவருக்கு தெம்பு இல்லன்னா டாக்டர்கிட்ட சொல்லி பஃப் இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலர்ல மாட்டி அது வழியா இழுக்குற குழாய்) கேளுங்க. அதுல கேஸே மருந்தைத் தள்ளிடும், ஆனா இழுக்குற விதம் அப்படியே தலைகீழ், குலுக்கி ஒரு பஃப் அடிச்சு மெதுவா, ஆழமா இழுக்கணும். ரெண்டாவது பஃப் வேணும்னா அரை நிமிஷம் கழிச்சு, மறுபடி குலுக்கிட்டு. ஸ்பேசரை சோப்புத் தண்ணில கழுவி தானா காய விடுங்க, துணியால துடைச்சா மருந்து சுவர்லயே ஒட்டிக்கும்.

அத்தை சொல்றது தப்பும்மா, இது போதை இல்ல. சுருங்கின மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்குற தசையைத் தளர்த்துற மருந்து, சால்புட்டமால்னா சில நிமிஷத்துல வேலை செஞ்சு 4 லேர்ந்து 6 மணி நேரம் நிக்கும், டியோட்ரோபியம்னா ஒரு நாள் முழுக்க. தினமும் எடுக்கறது வியாதி கூடவே இருக்குறதாலதான், சுகர் மாத்திரை மாதிரி. அவசரத்துக்குக் குடுத்தது வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டா மட்டும் உடனே போய்க் காட்டுங்க.

அடுத்த தடவை மெஷினையும் எடுத்துட்டுப் போய் டாக்டர் முன்னாடியே இழுத்துக் காட்டச் சொல்லுங்க. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம திணறினாலோ உதடு நீலமானாலோ காத்திருக்காம 108.