அந்த வாஷிங் மெஷினை விற்காதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகள் யூகேஜி படிக்கிறாள். போன கோடையில் இரண்டு மாதக் கரண்ட் பில் 640 யூனிட் வந்தது. வீட்டில் ஏசி ஒன்றுதான், அதுவும் ராத்திரி மட்டும்தான் ஓடுகிறது. பில்லைப் பார்த்த அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். நம் தாத்தா பாட்டி எந்த மெஷினும் இல்லாமல், குப்பையும் சேர்க்காமல் வாழ்ந்தவர்கள்தானே? வாஷிங் மெஷினை விற்றுவிடுவது, மிக்ஸி கிரைண்டருக்குப் பதில் அம்மியும் ஆட்டுக்கல்லும், சோப்புத்தூளுக்குப் பதில் பூந்திக்கொட்டை, ஆர்.ஓ. மெஷினுக்குப் பதில் மண்பானை (எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது), சமையலறைக் குப்பையில் உரம் என்று பட்டியல் போட்டேன். மனைவி ஒத்துழைக்க மறுக்கிறாள். சொகுசுக்குப் பழகிவிட்டாள் என்று நினைக்கிறேன். பழைய வாழ்க்கைக்குத் திரும்புவதுதானே பூமிக்கும் பர்சுக்கும் நல்லது? சோலார் போடலாமா, மூங்கில் பிரஷ் வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். முதுகுளத்தூர் பக்கம். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது, இப்போதுதான் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லைச் சென்னை வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறேன் என்று அண்ணன் மகன் கேட்டான். கொடுப்பதில் ஒன்றுமில்லை, அழகுக்கு என்று சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. அந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து போனில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். மூங்கில் பிரஷ்: இருக்கிற பிரஷ் தேயட்டும், அப்புறம் பார்க்கலாம். சோலார்: வாடகை வீட்டு மொட்டை மாடியில் போட வேண்டியவர் வீட்டுக்காரர், அதை விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஒரு லிட்டர் குடிதண்ணீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிற மெஷின் அது. உப்புத் தண்ணீர் வருகிற ஊரில் வேறு வழியில்லை. சிறுவாணித் தண்ணீருக்கு எதற்கு? காய்ச்சி ஆறவைத்துப் பானையில் ஊற்றுங்கள். பானையை இரண்டு நாளுக்கு ஒருமுறை நன்றாகக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதை நீங்கள் செய்யுங்கள்.

இனி பில்லுக்கு வருவோம். உங்கள் பட்டியலை மறுபடி படியுங்கள், தம்பி. வாஷிங் மெஷின் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. ஏசி எங்கே? நீங்கள் படுத்துத் தூங்குகிற அறையின் ஏசி மட்டும் எப்படி விட்டுப்போனது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சைத் தண்ணீரில் துவைக்கிற மெஷின் ஒரு தடவைக்குக் கால் யூனிட், கொஞ்சம் கூடப் போனாலும் அரை யூனிட்டுக்குள்தான். வாரம் நாலு தடவை ஓடினால் இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட்டை ஒட்டி வரும். வீட்டுக் கிரைண்டர் 150 வாட், அரை மணி நேரம் மாவு அரைத்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. மிக்ஸி தினம் பத்து நிமிஷம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஐந்தாறு யூனிட். மூன்றையும் சேர்த்தால் இருபதுக்குள் அடங்கிவிடும். ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கே ஆறேழு யூனிட், இரண்டு மாதத்துக்கு 400. நம்மூர்க் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகையும் கையை விட்டுப் போய்விடும். உங்கள் பில் எகிறியது அங்கேதான். ஏசியை 26-ல் வைத்து, கூடவே ஃபேனை ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. ஃபேன் பழையதென்றால் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன், 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் 12 மணி நேரம் ஓடுகிற இரண்டு ஃபேனை மாற்றினால் ஒரு பில்லில் அறுபது யூனிட்டுக்கு மேல் குறையும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். மிச்சம் இங்கே இருக்கிறது.

அதாவது நானூறு யூனிட்டைத் தொடாமல், இருபது யூனிட்டுக்காக உங்கள் மனைவியின் கையைக் கேட்கிறீர்கள்.

மெஷின் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்கிறீர்கள். யார் வாழ்ந்தார்கள்? எங்கள் ஊரில் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். சித்திரை, வைகாசியில் ஊருணி வற்றிவிடும். நடுவில் குழி தோண்டினால் ஊற்று கசியும். அம்மா குழிக்குள் இறங்கிக் குந்தியிருந்து சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள். மண் கலங்கிவிடக் கூடாது என்பதால் சிரட்டையைச் சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் வழித்தெடுப்பாள். பத்துச் சிரட்டை எடுத்ததும் ஊற்று நின்றுவிடும். திரும்பச் சுரக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி, சில நாள் அதற்கும் மேல். பின்னாலேயே வரிசையில் இருபது பெண்கள். கூட்டம் குறையட்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போவாள். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் கூடப் போவேன். நிறைந்த குடம் பதினைந்து கிலோ இருக்கும். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

அப்படி வந்த தண்ணீரை அவள் வீணாக்கியதே இல்லை, அது உண்மை. அரிசி களைந்த முதல் தண்ணீர் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டியில். இரண்டாவது தண்ணீரில் கீரை அலசுவாள். அதே தண்ணீர் பிறகு முருங்கைக்கு. எங்களைக் குளிப்பாட்டுவதே வாழைக்குப் பக்கத்துக் கல்லில்தான். இன்றைக்கு இதையெல்லாம் மறுசுழற்சி என்று மேடையில் பேசுகிறார்கள், நானே பேசியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் குடம் எடுத்த ஆண் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்பா நல்ல மனிதர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். அவர் குளிக்க ஒரு வாளி நிறைய வெந்நீர் எப்போதும் தயாராக இருந்தது. அது எத்தனை சிரட்டை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு இடுப்பில், குடம் உட்காருகிற இடத்தில், தோல் கருத்துத் தடித்திருந்தது. ஐம்பது வயதில் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்குள் பாரம் தூக்கினால் இப்படி ஆகும் என்று மதுரையில் ஒரு டாக்டரம்மா எனக்குச் சொன்னார். அம்மா எத்தனையோ வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் சேலைத் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு, அதோடு ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மாவு ஆட்டியிருக்கிறாள்.

2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்ததே, நினைவிருக்கிறதா? அதை இலவசம் என்று எத்தனை பேர் ஏளனம் செய்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. முதல் நாள் உளுந்து போட்டு நான்தான் சுவிட்சைப் போட்டேன். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல் சுற்றச் சுற்ற அவளுடைய இடது கை தானாக எழுந்து எழுந்து வந்தது. ஆட்டும்போது மாவைக் குழிக்குள் தள்ளிவிடுகிற கை அது. தள்ள வேண்டாம் அம்மா, அதுவே அரைத்துக்கொள்ளும் என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப எழுந்தது. மாவு பொங்கி வரும்வரை அவள் பேசவே இல்லை. அப்புறம், “இவ்வளவுதானா?” என்று மட்டும் கேட்டாள்.

நீங்கள் இருப்பது கோயம்புத்தூர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கிரைண்டரைத் தூக்கிப்போட்டு ஆட்டுக்கல் வாங்கப்போகிறேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வேலைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்கு வீடு திரும்புகிற பெண் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, சமைத்து, அதற்கு மேல் அம்மியில் அரைத்து, பூந்திக்கொட்டையின் விதையை எடுத்து ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, துணியைக் கையால் கும்மி எடுக்க வேண்டுமா? அவர் மாட்டேன் என்று சொன்னதைச் சொகுசு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள் அக்கறை பொய் என்று நான் சொல்லவில்லை. பில்லைப் பார்த்துப் பூமியை நினைக்கிற இளைஞர்கள் எத்தனை பேர்? அந்த நினைப்பு உங்களுக்கு இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அதை உங்கள் கையிலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் கேட்கிறேன். உரம் போடுவது நல்ல காரியம், அதை முழுக்க நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள பழைய பெயிண்ட் வாளி போதும், அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு ஒரு தட்டின்மேல் வையுங்கள். காய்த்தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு. தொடங்கும்போது புளித்த மோர் ஒரு கரண்டி. நாறினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் சருகு போட்டுக் கிளறுங்கள். கைவிட்டுக் கிளற வேண்டும், அருவருப்புப் படக் கூடாது. சமையலும் அப்படித்தான். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால், குக்கர் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்தால், கேஸ் மிச்சமாகும். இதை அவருக்குப் போதிக்க வேண்டாம், காலையில் பருப்பை நீங்கள் போடுங்கள்.

மெஷினை விற்பதற்கு முன்னால் ஒரு வாரம் அதன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு நீங்களே துவையுங்கள். உங்கள் ஜீன்ஸ், அவருடைய புடவைகள், ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட், எல்லாம். பெட்ஷீட்டைத் தனியாகப் பிழிய முடியாது. ஒரு முனையைக் குழாயில் சுற்றிக்கொண்டு முறுக்குங்கள். மகளின் யூனிஃபார்ம் காலரில் சோப்பைத் தடவி அரை மணி ஊறவிட்டுக் கையால் கசக்குங்கள், பிரஷ் போட்டால் துணி நைந்துபோகும். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டால் சாயம் வெளுக்காது. எட்டாவது நாள் எனக்கு எழுதுங்கள். முடிந்தால் உங்கள் மனைவியையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.