பிரிட்ஜ் பழகலாம்: வாசகர் கேள்வி – பதில்

நால்வர் இரண்டு ஜோடியாக ஆடும் சீட்டாட்டமான பிரிட்ஜை ஆடக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எனக்கு 28 சீட்டாட்டமும் ரம்மியும் நன்றாகத் தெரியும். எங்கள் குடியிருப்பில் மாலை நேரத்தில் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் என்னையும் அழைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், மயிலாப்பூர்

28 தெரிந்தவருக்கு ஜோடி ஆட்டம், துருப்பு, கேட்டுப் பிடிப்பது எல்லாம் பழக்கம்தான். மறக்க வேண்டியவற்றை முதலில் மறந்துவிடுங்கள். 28-க்கு 32 சீட்டு. இங்கே ஜோக்கரை எடுத்துவிட்ட 52, ஆளுக்கு 13. அங்கே ஜாக்கும் ஒன்பதும் பெரியவை. இங்கே ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 10 என்று நேராக இறங்கும். பிடித்த சீட்டில் எத்தனை புள்ளி என்ற கணக்கே கிடையாது. நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்றுதான் ஒரு பிடி; 13 பிடியில் எத்தனை பிடி எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. துருப்பைக் கவிழ்த்து வைப்பதும் இல்லை. இறக்கிய இனம் (ஹார்ட், ஸ்பேட் போன்றது) கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், வேறு சீட்டையும் தள்ளலாம். வெட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் கிடையாது. 28 பல இடங்களில் எதிர்ச்சுற்றில் ஓடும். பிரிட்ஜில் சீட்டுப் போடுவது, ஏலம், ஆட்டம் மூன்றும் கடிகாரச் சுற்று.

எத்தனை பிடி எடுப்போம் என்று போட்டி போட்டுக் கேட்பதுதான் ஏலம். முதல் சில நாட்கள் அதைத் தொடவே வேண்டாம். மினிபிரிட்ஜ் ஆடுங்கள். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கையை எண்ணுங்கள். கட்டு முழுவதும் சேர்ந்தால் 40. சீட்டுப் போட்டவர் தொடங்கி நால்வரும் தங்கள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். கூட்டல் அதிகமுள்ள ஜோடி ஆடும். அந்த ஜோடியில் அதிகம் வைத்திருப்பவர் டிக்ளேரர், அதாவது ஜோடியின் இரண்டு கையையும் ஆடுபவர். 20-க்கு 20 வந்தால் மறுபடி கலைத்துப் போடுங்கள். டிக்ளேரரின் பார்ட்னர் தன் 13 சீட்டையும் மேசையில் விரிக்கிறார், அதுதான் டம்மி. இரண்டு கையையும் பார்த்து டிக்ளேரர் துருப்பையும் இலக்கையும் (எத்தனை பிடி எடுப்பார் என்பதை) சொன்னபின், அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்குகிறார். அசல் பிரிட்ஜில் வரிசை வேறு: முதல் சீட்டு இறங்கிய பிறகுதான் டம்மி விரியும்.

டிக்ளேரராக ஆடும்போது டம்மியின் முதல் சீட்டைச் சொல்வதற்கு முன் நிறுத்தி எண்ணுங்கள். யாரும் பறிக்க முடியாத பிடிகள் எத்தனை, இலக்குக்கு எத்தனை குறைகிறது, குறைவதை எந்த இனத்தில் எடுப்பது? இந்த எண்ணிக்கை இல்லாமல் போடும் முதல் சீட்டிலேயே பல ஆட்டங்கள் தோற்றுவிடுகின்றன. துருப்பில்லாத ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கையில் டைமண்ட் ராஜா, 3. டம்மியில் டைமண்ட் ஏஸ், ராணி, ஜாக், 5, 4. டம்மியில் வேறு பெரிய சீட்டு எதுவும் இல்லை. முதலில் ராஜாவை ஆடி, பிறகு 3-ஐப் போட்டு ஏஸுக்குப் போனால், எதிரிகளின் ஆறு டைமண்டுகள் 3-3 அல்லது 4-2 என்று பிரிந்திருக்கும்வரை ஐந்து பிடி. அவசரத்தில் ஏஸை முதலில் ஆடினால் அடுத்த சுற்றில் உங்கள் ராஜா பிடித்துக்கொள்ளும். டம்மிக்குத் திரும்ப வழியில்லை; ராணியும் ஜாக்கும் 5-உம் அங்கேயே செத்துப்போகும். ஐந்து பிடி இரண்டாகிவிடும். சீட்டு குறைவாக உள்ள கையின் பெரிய சீட்டை முதலில் ஆட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஏலத்தைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எவ்வளவு மனப்பாடம் செய்ய வேண்டும்? – வாசகி, அண்ணா நகர்

ஏலத்தில் சொன்ன எண்ணோடு 6-ஐக் கூட்டுங்கள்; அத்தனை பிடி எடுக்க வேண்டும். 1 ஹார்ட் என்றால் ஹார்ட் துருப்பாக 7 பிடி. 3 நோ டிரம்ப் என்றால் துருப்பே இல்லாமல் 9. வரிசை கீழிருந்து மேலே கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப். ஆகவே 1 ஸ்பேடுக்கு மேல் ஹார்ட் கேட்க விரும்பினால் 2 ஹார்ட் என்றுதான் சொல்ல முடியும். ஒருவர் கேட்டபின் தொடர்ந்து மூன்று பாஸ் வந்தால் ஏலம் முடிந்தது. முன்பு பாஸ் சொன்னவர் அதுவரை மீண்டும் நுழையலாம்.

மனப்பாடத்துக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும். 12 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் ஏலத்தைத் திறங்கள். ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஐந்து சீட்டு இருந்தால் அதை 1 என்று சொல்லுங்கள். கை நான்கு இனங்களிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்து 15 முதல் 17 புள்ளி இருந்தால் 1 நோ டிரம்ப். பார்ட்னர் 1 ஹார்ட் திறக்க, உங்களிடம் மூன்று ஹார்ட் இருந்தால் 6–9 புள்ளிக்கு 2 ஹார்ட், 10–12-க்கு 3 ஹார்ட். புள்ளி 6-ஐத் தொடாவிட்டால் பாஸ். ஏன் மூன்று? அவருடைய ஐந்தோடு சேர்ந்து எட்டாகிறது. எதிரிகளிடம் ஐந்துதான் மிச்சம். அது 3-2 என்று பிரிய 68 சதவீத வாய்ப்பு. மூன்று சுற்றில் அவர்களுடைய துருப்பு தீர்ந்துவிடும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 13 புள்ளியோடு 1 ஹார்ட் திறக்கிறார்கள். பார்ட்னர் 2 ஹார்ட் என்றதும் உற்சாகத்தில் 4 ஹார்ட்டுக்குத் தாவுகிறார்கள். அந்த 13-ஐ முதல் ஏலத்திலேயே சொல்லியாயிற்று. பார்ட்னரின் 9-ஐச் சேர்த்தாலும் 22தான். 4 ஹார்ட்டுக்குச் சுமார் 25 வேண்டும். ஒரே புள்ளியை இரண்டு முறை கேட்காதீர்கள். யாராவது விதவிதமான செயற்கை ஏலங்களை (சொன்ன இனத்தைக் குறிக்காமல் வேறு பொருள் தருபவற்றை) முதல் வாரமே கற்றுக்கொடுக்க வந்தால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஏலத்தில் கடைசியாகக் கேட்டது நான். ஆனால் ஆட வேண்டியவர் பார்ட்னர் என்றார்கள். – வாசகர், ஆதம்பாக்கம்

அவர்கள் சொன்னது சரி. வென்ற ஜோடியில் அந்த இனத்தை முதலில் சொன்னவரே டிக்ளேரர். பார்ட்னர் 1 ஸ்பேட் சொல்லி, நீங்கள் 4 ஸ்பேடில் முடித்தாலும் ஆடுவது அவர்தான். இதைக் கவனிக்காமல் எதிர் ஜோடியில் தவறான ஆள் முதல் சீட்டைத் திறந்துவிட்டால், டிக்ளேரருக்கு ஐந்து வழிகள் திறக்கின்றன: ஏற்றுக்கொண்டு ஆடலாம், தன் கையை விரித்துப் பார்ட்னரை ஆடவிடலாம், சரியான ஆள் அதே இனத்தை இறக்கச் சொல்லலாம், அந்த இனத்தை இறக்கக் கூடாதெனத் தடுக்கலாம், அல்லது எதை வேண்டுமானாலும் இறக்கவிட்டு, அந்தச் சீட்டை மேசையில் தண்டச் சீட்டாக (திறந்தே கிடந்து, முதல் வாய்ப்பிலேயே ஆட வேண்டிய சீட்டாக) வைத்திருக்கலாம். இதனால்தான் போட்டிகளில் முதல் சீட்டைக் கவிழ்த்து இறக்கி, பார்ட்னரின் சம்மதம் பெற்றபின் திருப்புகிறார்கள். வீட்டிலும் அதையே பழகுங்கள்.

2 நோ டிரம்ப் கேட்டு 9 பிடி எடுத்தோம்; 150 கிடைத்தது. அதே சீட்டில் 3 நோ டிரம்ப் கேட்டு அதே 9 எடுத்தவர்களுக்கு 400. இது நியாயமா? – வாசகி, பெரம்பூர்

நோ டிரம்பில் ஆறுக்கு மேல் எடுக்கும் முதல் பிடிக்கு 40, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. 9 பிடிக்கு 100. கேட்ட அளவு 100-ஐத் தொட்டால் அது கேம். அதற்கு 300 போனஸ், வல்னரபிளாக (போனஸும் இழப்பும் கூடும் நிலையில்) இருந்தால் 500. தொடாவிட்டால் 50தான். நீங்கள் கேட்டது 70-க்கு. கூடுதலாக எடுத்த பிடி மதிப்பெண் தரும், கேமுக்குச் சேராது. அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் வகுத்த முறையின் உயிர் இதுதான்: கையின் பலத்தைச் சரியாக மதிப்பிட்டுக் கேட்டவருக்கே பரிசு. ஹார்ட், ஸ்பேடில் பிடிக்கு 30 என்பதால் 4-இல் கேம். கிளப், டைமண்டில் 20 என்பதால் 5 வரை போக வேண்டும். கேட்டு ஒரு பிடி குறைந்தால் இழப்பு 50, வல்னரபிளில் 100 மட்டுமே. ஆகவே கேமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் துணிந்து கேளுங்கள்.

கிளப் கையில் இருந்தும் தவறிப்போய் வெட்டிவிட்டேன். என்ன தண்டனை? – வாசகர், நங்கநல்லூர்

நீங்களோ பார்ட்னரோ அடுத்த பிடிக்குச் சீட்டு போடுவதற்குள் தெரிந்துவிட்டால் உடனே திருத்த வேண்டும். எதிர்த்து ஆடுபவரானால் தவறாகப் போட்ட சீட்டு தண்டச் சீட்டாகத் திறந்தே கிடக்கும். அதைத் தாண்டிவிட்டால் திருத்த முடியாது. அந்தப் பிடியை உங்கள் சீட்டே வென்று, அதன்பிறகு உங்கள் ஜோடி இன்னொரு பிடியாவது எடுத்திருந்தால், ஆட்ட முடிவில் இரண்டு பிடி எதிர் ஜோடிக்கு. மற்றபடி அந்தப் பிடியிலிருந்து ஒன்றாவது எடுத்திருந்தால் ஒரு பிடி.

வீட்டில் இதைச் சூதாட்டம் என்கிறார்கள். – வாசகர், தாம்பரம்

பணம் வைக்காமல் ஆடுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். போட்டி பிரிட்ஜில் சீட்டு அதிர்ஷ்டமும் பெருமளவு விலக்கப்படுகிறது: ஒரே சீட்டுப் பிரிவை எல்லா மேசையும் ஆடுகிறது, உங்கள் திசையில் உட்கார்ந்து அதே கையை ஆடிய மற்றவர்களோடுதான் ஒப்பீடு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் பிரணப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். பர்தனுக்கு அப்போது 60 வயது. வீட்டாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் முறையாக ஒரு போட்டிக்குப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? – வாசகி, அடையாறு

போர்டிலிருந்து (நான்கு கைகளும் திசைவாரியாகப் பள்ளங்களில் இருக்கும் தட்டிலிருந்து) சீட்டை எடுத்ததும் முகம் பார்க்காமல் 13 இருக்கிறதா என்று எண்ணுங்கள். 12-ஓ 14-ஓ இருந்தால் உடனே டைரக்டரை (போட்டி நடுவரை) அழையுங்கள். பார்த்துவிட்டால் சிக்கல் பெரிதாகும். ஏலம் வாயால் இல்லை, பெட்டியில் உள்ள அட்டைகளால். சீட்டை நடுவில் எறியாமல் உங்கள் முன்னால் போட்டு, பிடி முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்: வென்றால் பார்ட்னரை நோக்கி நீளவாக்கில், தோற்றால் குறுக்கே. பார்ட்னர் நெடுநேரம் யோசித்துப் பாஸ் சொன்னால், அந்தத் தயக்கத்திலிருந்து கிடைத்த குறிப்பை நீங்கள் பயன்படுத்தவே கூடாது. முகம் சுளிப்பதும் சீட்டைத் தட்டி இறக்குவதும் அதே கணக்கில் வரும். ஆடி முடித்தபின் எத்தனை பிடி என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகும்வரை சீட்டைக் கலைக்காதீர்கள். பிறகு லேசாகக் கலைத்து அதே திசைப் பள்ளத்தில் திரும்ப வையுங்கள். வடக்கின் சீட்டு கிழக்கில் போனால் அடுத்த மேசையின் ஆட்டமே கெட்டுவிடும்.