கேளுங்க, சொல்லுறம்: மாமாட அறுவதுக்கு ரிவோல்வர்

கேள்வி: அமெரிக்காவுல இரிக்கிற மாமாவுக்கு 60 வருது, லைசன்ஸ் எல்லாம் இரிக்காம், கோல்ட் (Colt) கம்பனிட பைதன் ரிவோல்வரா, ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனிட மொடல் 19ஆ எண்டு என்னட்டக் கேக்கிறார். (கல்லடி வாசகர்)

பதில்: நம்மட ஆக்கள் அறுவதுக்கு மோதிரம் வாங்குவாங்க, சரி உடுங்க. ரெண்டும் 1955ல வந்ததுதான், .357 மேக்னம் எண்ட பலமான குண்டு போடுறது, ஒரு தரத்துல ஆறு குண்டு. பைதன்ட நீல மினுக்கத்துல முகம் பாக்கலாம், ட்ரிகர் வழுக்கிக்கொண்டு போகும், ஆனா பழசுல டைமிங், அதாவது குண்டு போடுற சிலிண்டர் சுத்தி சரியான நேரத்துல குழலுக்கு நேரா நிக்கிறது, பிசகினா அத திருத்தத் தெரிஞ்ச ஆளத் தேடி அலையோணும், விலையும் கூட. 19 பாரம் குறைவு, இடுப்புல கிடக்கிறதே தெரியா, மேக்னமா நெடுக சுடாம பலம் குறைஞ்ச .38 ஸ்பெஷல் குண்டு போட்டுச் சுட்டா கனகாலம் உழைக்கும், நான் எண்டா அதத்தான் எடுப்பன். வாங்க முதல் வெறும் துவக்கு எண்டு பாத்துட்டு ஹேமர (பின்னால இரிக்கிற சுத்தியல) மெதுவா இழுக்கச் சொல்லுங்க, முழுசா இழுபட்ட பிறகும் சிலிண்டர் லொக் ஆகல்லயெண்டா வேணாம்.