உசீசா மிளகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நைஜீரியாவின் லேகோஸிலிருந்து கணவர் ‘உசீசா’ என்று ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு மணியிலும் காம்பு ஒட்டியிருக்கிறது. நம் வால்மிளகுதானே?

இல்லை. இரண்டும் மிளகுக் குடும்பம்தான். ஆனால் வால்மிளகு ஜாவா பக்கத்துக் கொடி. உசீசா மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் மரமேறி வளர்வது. நாலு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். வால்மிளகு உருண்டையாக, தோல் சுருங்கி, காம்பு நேராக இருக்கும். உசீசா அதைவிடச் சின்னது, சற்று நீள்வட்டம், தோலில் சுருக்கம் குறைவு, காம்பு வளைந்திருக்கும். மென்றால் வால்மிளகின் கசப்பு இதில் அவ்வளவாக இல்லை. காரம் தருவது நம் மிளகில் இருக்கும் அதே பைப்பரின். நாட்டு வைத்தியத்தில் வால்மிளகு கேட்ட இடத்தில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள்.

இலையையும் சமைக்கலாமா?

தாராளமாக. எனக்கு மணியைவிட இலைதான் பிடிக்கும். பார்வைக்கு வெற்றிலைச் சாயல், வாயில் போட்டால் பச்சை மிளகுக் காரம். தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் ‘ஒஃபே ன்சாலா’ என்று ஒரு வெள்ளை சூப் வைப்பார்கள். பனை எண்ணெய் கிடையாது. கெளுத்தி மீனோ கோழியோ போட்டு, வேகவைத்து இடித்த ‘யாம்’ வள்ளிக்கிழங்கால் (சர்க்கரைவள்ளி அல்ல) கெட்டியாக்குவார்கள். உசீசா மணியைப் பொடித்து முன்பே சேர்த்துவிடலாம். இலையை நூலாக அரிந்து, இறக்கும் நேரத்தில் தூவுங்கள். கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். சின்னப் பாத்திரத்துக்கு மூன்று நான்கு இலை போதும்.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

அங்கே இதைப் பிள்ளை பெற்றவளுக்குத்தான் சூப்பில் போட்டுக் கொடுக்கிறார்கள், கர்ப்பப்பை சுருங்க உதவும் என்ற நம்பிக்கையில். அதனாலேயே கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்பேன். பிரசவத்துக்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

இவ்வளவு நல்ல மிளகு ஏன் உலகச் சந்தைக்கு வரவில்லை?

வந்தது. 15ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் ராஜ்ஜியத்திலிருந்து கப்பலேற்றினார்கள். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்த பிறகு இந்திய மிளகு வியாபாரம்தான் அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது. இது ஓரங்கட்டப்பட்டது.

ஏற்காட்டில் தோட்டம் இருக்கிறது. ஒரு தண்டு கொண்டுவந்து நடலாமா?

பையில் மறைத்து மட்டும் கொண்டுவராதீர்கள். செடி, தண்டு, விதை எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். வெளிநாட்டுத் தண்டோடு புது நோய் ஒன்று வந்து இறங்கினால், ஏற்கெனவே வாடல் நோயால் தவிக்கும் நம் மிளகுக் கொடிகள் தாங்காது. முறைப்படி கிடைத்தால் மிளகுக்குத் தருகிற அதே நிழல், ஈரம், ஏறப் பிடிப்புள்ள மரம் போதும்.