கூலண்ட் மாத்த கிணத்துத் தண்ணி வேணாம் தம்பி

தம்பி, உங்கட யமஹா ஆர்15 பைக்ல கூலண்ட் (என்ஜின் சூட்டத் தணிக்கிற திரவம்) துரு நிறத்தில வருது, மட்டக்களப்பு கல்லடி வீட்டுக் கிணத்துத் தண்ணியால கழுவிட்டு புதுசு ஊத்தலாமா எண்டு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சி செய்யாதீங்க. ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, அந்தத் தண்ணியில உப்பு இருந்தா அலுமினியத்த அரிச்சிரும், ரேடியேட்டருக்குள்ள படிஞ்சிரும். பட்டறிக்கு ஊத்துற டிஸ்டில் வாட்டர் வாங்குங்க, ஆசிட் இல்ல, கவனம்.

என்ஜின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியத் திறக்கணும், சூட்டோட திறந்தா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். வாட்டர் பம்ப் பக்கம் இருக்கிற ட்ரெயின் போல்ட்ட (கூலண்ட் வடிக்கிற போல்ட்) கழட்டி வடியவிட்டு, ரிசர்வ் டேங்கையும் காலி பண்ணிட்டு, மறுகா டிஸ்டில் வாட்டர ஊத்தி கொஞ்சநேரம் ஸ்டார்ட்ல விட்டு ஆறவெச்சி திரும்ப வடிங்க, தெளிவா வாற வரைக்கும். போல்ட்டுக்கு புது வாஷர் போடுங்க.

கடைசியா கூலண்ட். தண்ணி கலந்தே வாறது எண்டா மேல தண்ணி சேர்க்காதீங்க. கன பேர் விடுற இடம் இதுதான்: மூடி திறந்தபடி என்ஜின ஸ்டார்ட்ல விட்டு, ரேடியேட்டர் ஹோஸ அமத்தி அமத்தி, குமிழி நிக்கிற வரைக்கும் மட்டம் குறையக்குறைய ஊத்தணும், காத்து நிண்டா திரும்பவும் சூடாகும்.

பழைய கூலண்ட் இனிக்கும், ஆனா நஞ்சு, நாய் பூனை நக்காம போத்தல்ல அடைச்சி வைங்க. என்ஜின் ஒயில் பால் மாதிரி இருந்தா அதில கூலண்ட் கலந்திருக்கலாம், பைக்க ஓடாதீங்க, வாட்டர் பம்ப் சீல மெக்கானிக் பாஸிட்ட காட்டுங்க.