பாட்டுக் கேட்கத் தனியாக டாக் வேண்டுமா? கிளிநொச்சிக் கடையில் இருந்து பதில்கள்

கிளிநொச்சியில் ரேடியோ, அம்ப், கொம்பியூட்டர் திருத்தும் சின்னக் கடை என்னுடையது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் 'டாக்' என்ற குட்டிப் பெட்டியைக் கொண்டு வந்து கொடுக்கத் தொடங்கியதில் இருந்து அதைப் பற்றியே கேள்வி. கொம்பியூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்குப் போகும் மின் அலையாக மாற்றுவதுதான் டாக். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அறிவியல் நகரில் படிக்கும் தம்பி: அண்ணை, லப்டொப்பில்தான் பாட்டுக் கேட்கிறேன். தனி டாக் வாங்கினால்தான் உண்மையான சத்தம் வருமென்று கூட்டாளி சொல்கிறான். வாங்கவா?

உங்கள் லப்டொப்புக்குள் ஒரு டாக் ஏற்கெனவே இருக்கிறது, தம்பி. இல்லாவிட்டால் ஹெட்போன் ஓட்டையில் சத்தமே வராது. பெரும்பாலும் ரியல்டெக் என்ற கொம்பனியின் சில்லாக (சிப்) இருக்கும். 1982இல் கடைக்கு வந்த சீடியின் கணக்கு, சத்தத்தை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் (16 இலக்க இரும) எண்ணாக எழுதுவது. மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்கிவிடும். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையில் 96 டெசிபல் இடமும் கிடைக்கிறது. இன்றைய சாதாரண சில்லே ஏறத்தாழ அந்த அளவுக்கு வேலை செய்கிறது. தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி சுற்றும் அறையில் இருந்து கேட்கிறவருக்கு அதற்கு மேல் என்ன தேவை? கையில் காசு இருந்தால் நல்ல ஹெட்போனுக்குப் போடுங்கள். வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும்.

மாங்குளத்தில் இருந்து ஒருவர்: லப்டொப்பை அம்ப்பில் கொளுவினால் 'ம்ம்ம்' என்று இரைகிறது. டாக் போட்டால் போகுமா?

முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் டாக்கில் இல்லை, கரண்டில். போன மாதம் ஒருவர் இதே முறைப்பாட்டோடு புது டாக்கையும் வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் போட்டாலும் இரைந்தது. சார்ஜரைக் கழற்றினேன், நின்றது. திரும்பச் செருகினேன், இரைந்தது. மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் டாக்கின் விலை தெரிந்தது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது சார்ஜர் வழியாகவும் அம்ப் வழியாகவும் இரண்டு பாதையில் எர்த்துக்குப் போகும்போது நடுவில் ஒரு வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தில் ஓடுவதுதான் நீங்கள் கேட்கும் இரைச்சல். யூஎஸ்பி டாக் போட்டாலும் யூஎஸ்பி வயருக்குள் அதே எர்த் தொடர்ந்து போகிறது. லப்டொப்பையும் அம்ப்பையும் ஒரே பிளக் பலகையில் கொளுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒடியோ வயருக்கு நடுவில் போடும் சிறிய ட்ரான்ஸ்போமர் பெட்டி ஒன்று போதும். அம்ப்பில் ஒளிவயர் ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது, ஒளி எர்த்தைக் கடத்தாது.

வீட்டு எர்த்தையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் நம் மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பியைச் சுற்றிய தடை ஏறிவிடும். லப்டொப்பின் இரும்பு உடம்பைத் தொட்டால் சுள்ளென்று கூசுகிறதா? அப்படியானால் பாட்டை விட்டுவிட்டு வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

முள்ளியவளையில் இருந்து: அண்ணா சென்ஹைசர் எச்டி 600 அனுப்பினார். லப்டொப்பில் முழுச் சத்தம் வைத்தும் மெல்லமாகத்தான் கேட்கிறது.

சரி, இங்கே பெட்டி தேவைதான். ஆனால் மாற்றும் வேலைக்காக அல்ல, தள்ளும் வேலைக்காக. அந்த ஹெட்போனின் மின்தடை 300 ஓம். சாதாரண ஹெட்போன்கள் 16, 32 ஓம். ஓம் கூடினால் அதே சத்தத்துக்குக் கூடிய வோல்ட் வேண்டும், சில லப்டொப்பால் அதைத் தர முடிவதில்லை. ஹெட்போன் அம்ப்பும் சேர்ந்த டாக் ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது 'எத்தனை பிட்' என்று கேட்காமல் 'எத்தனை வோல்ட்' என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை.

ஒட்டுசுட்டானில் இருந்து: புளூடூத் ஹெட்செட்டுக்கு டாக் போடலாமா?

வேண்டாம். புளூடூத்தில் போவது எண்கள். மாற்றும் சில்லு ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வவுனியாவில் இருந்து: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் கேட்கவாவது டாக் தேவைதானே?

2007இல் மேயர், மொரான் என்ற இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலித்தட்டின் சத்தத்தை சீடித் தரத்துக்கு இறக்கி, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 தடவை. கேட்டவர்களால் குருட்டு ஊகத்துக்கு மேல் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டை ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு 24 பிட் உதவும். கேட்பதற்கு 16 போதும்.

பரந்தனில் இருந்து: மேசைக் கொம்பியூட்டரின் ஹெட்போன் ஓட்டை பழுது. மலிவாக என்ன செய்யலாம்?

இப்படி ஓட்டை பழுதானவர்களுக்குத்தான் நான் மனதாரச் சொல்வேன், வாங்குங்கள் என்று. ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி ஹெட்போன் வயருக்குள் ஒரு டாக் இருக்கிறது. விரல் நுனி அளவு, அமெரிக்காவில் 9 டொலர், ஆனால் அளந்து பார்த்தால் பெரிய பெட்டிகளோடு நிற்கும். கொம்பியூட்டரில் நன்றாக வேலை செய்யும். சில அண்ட்ரொய்ட் போன்களில் சத்தம் குறைவாக வரும், அதை மட்டும் கவனியுங்கள்.

மல்லாவியில் இருந்து ஒரு ஆசிரியர்: 'ஜிட்டர்' என்று ஒன்று இருக்கிறதாம். அது மலிவான டாக்கில் பாட்டைக் கெடுக்குமாம். உண்மையா?

ஐயா, நீங்கள் 1990களில் வன்னியில் இருந்தவராயின் ஜிட்டரைக் காதால் கேட்டிருப்பீர்கள். கரண்ட் இல்லை, பற்றறி தடைப் பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வரும் 6 வோல்ட்டை நாலு டயோட்டில் நேர்மின்னோட்டமாக்கி, கசெற் பிளேயருக்குக் கொடுப்போம். பெடலைச் சுற்றுவது ஒருவன், கேட்பது பத்துப் பேர். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் மோட்டார் இழுபட்டு, பாடுகிறவரின் குரல் தடித்துக் கிணற்றுக்குள் இறங்கும். 'டேய் சுத்தடா' என்று கத்தினால் திரும்ப ஏறும்.

ஜிட்டரும் அதே சங்கதிதான், நேரம் தவறுவது. ஆனால் இன்றைய சில்லுகளில் அது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கையும் விடச் சிறியது. அதைக் கேட்டதாகச் சொல்கிறவரிடம் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு கருவியிலும் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, மீற்றரால் வோல்ட்டைச் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தம் கூடியதைத்தான் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் இது முக்கியம். பிறகு அவர் காணாமல் மகளை மாற்றிக் கொளுவச் சொல்லி, பத்துத் தடவை கேளுங்கள்.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு அக்கா: தம்பி, அப்பா கோவலன் கூத்தில் பாடிய கசெற் ஒன்று இருக்கிறது. பொலித்தீனில் சுற்றிப் புதைத்து வைத்து எடுத்தது. கொம்பியூட்டரில் ஏற்ற டாக் வேண்டுமா?

அக்கா, இது மறுபக்க வேலை. டாக் எண்ணை ஒலியாக்கும், உங்களுக்கு ஒலியை எண்ணாக்க வேண்டும். லப்டொப்பின் மைக் ஓட்டையில் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒற்றைப் பக்கம்தான் எடுக்கும், சத்தமும் கிழியும். சிவப்பு, வெள்ளை ஓட்டை உள்ள யூஎஸ்பி பெட்டி வேண்டும், பெரிங்கர் யூசிஏ202 போன்றது. கடையில் ஒன்று இருக்கிறது, வாங்கத் தேவையில்லை.

அதற்கு முதல் கசெற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் எந்த பிளேயரிலும் போட வேண்டாம். வாய்ப்பக்கம் நடுவில், செப்புத் தகட்டின் மேல் ஒரு சிறு கம்பளித் துண்டு இருக்கும். மண்ணுக்குள் கிடந்தவற்றில் அதன் பசை விட்டு விழுந்திருக்கும். விழுந்திருந்தால் நாடா, அதைப் படிக்கும் ஹெட்டில் சரியாக ஒட்டாது, அப்பாவின் குரல் சாக்குக்குள் இருந்து வருவது போல் கேட்கும். ஐந்து ஆணி கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினால் சரி. பிறகு ஹெட்டின் ஆணியை மெல்லத் திருப்பி, 'ச' எழுத்து கூராகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவேன்.

தபாலில் அனுப்ப வேண்டாம், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள். முதல் ஓட்டத்திலேயே பதிவை ஓட விடுவோம். நாடா இரண்டாம் தடவை ஓடுமோ தெரியாது.