லேபிள் படிக்கும் பெண்ணை மருத்துவத்துக்குத் தள்ளாதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகளுக்கு வேதியியல்தான் பிடிக்கிறது, மதிப்பெண் மருத்துவத்துக்குக் கொஞ்சம் குறைகிறது, "எவ்வளவு செலவானாலும் டாக்டராக்கிவிடு, வீட்டை அடமானம் வைத்தால் போச்சு" என்று அண்ணன் சொல்கிறார், ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வராதது நியாயம்தான். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் மதிப்பெண் இல்லை, அடமானம்.

மகள் உங்களிடம் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கும் வரியைத் திரும்பப் படியுங்கள்: "ரத்தம் பார்த்தா பயம் இல்லம்மா, ஆனா நாள் முழுக்க நோயாளிகளோட பேசிக்கிட்டு இருக்க என்னால முடியாது." இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? விருப்பமில்லாத படிப்புக்கு இருக்கும் ஒரே வீட்டை வைத்துக் கடன் வாங்குவது தவறு. இதில் நான் வழவழா கொழகொழா என்று பேசப்போவதில்லை. அண்ணனுக்கு அக்கறை இருக்கலாம், தவணை கட்டப்போவது அவர் இல்லை.

மருத்துவம், பொறியியல், கணினி பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். என் கண்ணில் பட்டது வேறொன்று. பள்ளி ஆய்வகத்தில் பெயர் அழிந்த புட்டிகளுக்கு உட்கார்ந்து லேபிள் எழுதி ஒட்டினாள், யாரோ கைகழுவும் தொட்டியில் அமிலத்தை ஊற்றியதற்குச் சண்டை போட்டாள் என்று ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது குறை இல்லை. அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது: ஆய்வகங்களில் ரசாயனப் பாதுகாப்பு, கூடவே ரசாயன விபத்துகளில் அவசர உதவி.

"சேஃப்டி ஆபீசரா? ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிற வேலைதானே" என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும். அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு கழிவுப் புட்டியை வைத்துச் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் ஒரு மாணவர் மிச்சமான நைட்ரிக் அமிலத்தைக் கழிவுப் புட்டியில் ஊற்றுகிறார். அதில் ஏற்கெனவே யாரோ எளிதில் எரியும் கரைப்பானான அசிட்டோனைக் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். லேபிளில் 'கழிவு' என்று மட்டும் இருக்கிறது. மூடியை இறுக்கி மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஊற்றியவுடன் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். பிறகு மெல்லச் சூடேறி, வாயு சேர்ந்து, ஆள் இல்லாத நேரத்தில் புட்டி வெடிக்கிறது. உலகம் முழுவதும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது. பாதுகாப்பு அலுவலர் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் தேடுவது இதைத்தான்: கழிவு லேபிளில் உள்ளே இருப்பது என்னவென்று முழுப் பெயர் இருக்கிறதா, அழுத்தம் வெளியேறும் மூடியா, ஆக்சிஜனேற்றிகளும் (நைட்ரிக் அமிலம் போல மற்றதை எரியத் தூண்டுபவை) எரியும் கரைப்பான்களும் ஒரே அலமாரியில் இருக்கின்றனவா. அப்புறம் ஈதர் புட்டியை எடுத்துத் திறந்த தேதியைப் பார்ப்பார். காற்றுப் பட்டுப் பல மாதம் கிடந்த ஈதர் என்ற கரைப்பானில் பெராக்சைடு என்ற வெடிக்கக்கூடிய பொருள் சேரும். அது காய்ந்தால் மூடியைத் திருகுவதே ஆபத்து. கண் கழுவும் குழாயைத் திறந்து தண்ணீர் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பார். கண்ணில் ரசாயனம் பட்டால் பத்து விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். வழியில் ஒரு நாற்காலி கிடந்தாலும் அவர் சண்டை பிடிப்பார். உங்கள் மகளைப் போலவே.

இதற்கு வேதியியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பையே குலைக்கும். அதனால் அந்த அமிலம் இருக்கும் இடத்தில் கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். 'ஏதோ அமிலம், தண்ணீரில் கழுவு' என்பதோடு நிறுத்தினால் ஆள் பிழைப்பது நிச்சயமில்லை. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. நான்காம் பகுதி முதலுதவி, ஆறாம் பகுதி சிந்தினால் என்ன செய்வது, எட்டாம் பகுதி எந்தக் கையுறை. பெரும்பாலானோர் அதைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். விபத்துக்கு முன்பே அதைப் படிப்பவர்தான் இந்த வேலைக்குத் தேவை.

படித்த பேராசிரியர்களுக்கே தெரியாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் ஓரிரு சொட்டு டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் அவருடைய கையுறை மேல் விழுந்தது. அந்த லேடெக்ஸ் கையுறையை அது விநாடிகளில் ஊடுருவும் என்பது அப்போது பரவலாகத் தெரியாது. அறிகுறிகள் தெரியவே மாதங்கள் ஆயின, 1997 ஜூனில் இறந்தார். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை சிரிஞ்சில் எடுக்கும்போது அது சிந்தித் தீப்பற்றியது. ஆய்வக அங்கி போட்டிருக்கவில்லை. 18ஆம் நாள் இறந்தார். பக்கத்தில் அவசரகால ஷவர் இருந்தும் அது பயன்படவில்லை. அங்கி போடாததைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆய்வகச் சுவருக்கு வெளியேயும் இந்த வேலை இருக்கிறது. குளோரின் கசிந்தால் அது காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். காற்று வரும் திசைக்கும் மேட்டுக்கும் போக வேண்டும், கீழ்த்தளத்துக்கு இல்லை. ரசாயன அவசரக் குழு வந்தவுடன் உள்ளே ஓடாது. முதலில் தூரத்தில் நின்று பொருள் எது என்று கண்டுபிடிக்கும். லாரியில் ஒட்டியிருக்கும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணைப் பார்க்கும் (1017 என்றால் குளோரின், 1203 என்றால் பெட்ரோல்). ஆபத்துப் பகுதி, கழுவும் பகுதி, பாதுகாப்பான பகுதி என்று எல்லை பிரித்த பிறகுதான் ஆள் உள்ளே போவார், வெளியே வரும்போது கழுவாமல் வர முடியாது. 2015இல் சீனாவின் தியென்ஜின் துறைமுகத்தில் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் ஈரம் காய்ந்து தானே சூடேறித் தீப்பிடித்தது, பக்கத்தில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்தவர்களில் பாதிக்கு மேல் தீயணைப்பு வீரர்கள். கிடங்கில் என்ன, எவ்வளவு, எதன் பக்கத்தில் இருக்கிறது என்பது முதலில் போகும் குழுவுக்குத் தெரிந்திருப்பது உயிர்ப் பிரச்சினை.

இதையெல்லாம் படித்துவிட்டு 'பெண் பிள்ளையை இதற்கா அனுப்புவது' என்று தோன்றும். இந்தத் துறையில் பாதுகாப்புக்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தான பொருளே வேண்டாம் என்று நீக்க முடியுமா, அடுத்து வேறொன்றை வைக்க முடியுமா, அப்புறம் காற்றை உறிஞ்சும் ஃபியூம் ஹுட் போன்ற ஏற்பாடு, அதற்குப் பிறகு விதிமுறை. முகமூடியும் கையுறையும் கடைசி. அவள் வேலையில் பெரும்பகுதி அந்தக் கடைசிப் படிக்கு ஆளைப் போகவிடாமல் செய்வதுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. யாருக்கும் இவளைப் பிடிக்காது. 'போலீஸ் வந்துட்டாங்க' என்று ஆய்வகத்தில் முணுமுணுப்பார்கள். ராத்திரி போன் வரும். ஒன்றும் நடக்காத வருடம்தான் நல்ல வருடம், ஆனால் அதற்கு யாரும் பாராட்ட மாட்டார்கள். பாராட்டு தேவைப்படும் பிள்ளை என்றால் வேண்டாம். இதை அவளிடமே கேளுங்கள்.

படிப்பு என்றால், முதலில் சாதாரண வேதியியல் இளங்கலை, கட்டணம் குறைவான அரசுக் கல்லூரியிலேயே. அதன்பின் தொழில்சார் பாதுகாப்பு, தொழிற்சாலைச் சுகாதாரம், நச்சியல் இவற்றில் ஒன்றில் முதுகலை. பல்கலைக்கழகங்கள், மருந்து ஆலைகள், சிப் தயாரிக்கும் ஆலைகள், சுத்திகரிப்பு ஆலைகள், துறைமுகங்கள், தீயணைப்புத் துறை என்று இந்த ஆட்களைத் தேடும் இடங்கள் நிறைய. ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஆறு மாதத்தில் சேஃப்டி டிப்ளமா, கையோடு வேலை என்று சொல்லும் இடங்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். நெபோஷ் (பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் தேர்வு வாரியம்) தருவது போன்ற சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு, ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு எழுதலாம், பல நிறுவனங்கள் தாங்களே பணம் கட்டும். வேதியியல் அடித்தளம் இல்லாமல் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கழிவுப் புட்டிக்கு முன்னால் நிற்பவரால் யாருக்கும் உபயோகம் இல்லை.

கல்லூரி பார்க்கப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள், வேதியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழிவுப் புட்டிகளை யார், எப்போது எடுக்கிறார்கள், கண் கழுவும் குழாயைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்று அவளே கேட்கட்டும். பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லையென்றால் விண்ணப்பத்தை அங்கே கொடுக்காமல் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.